முகநூலும் முழங்காலும்

வழக்குரை காதையை நடத்தும்போதெல்லாம் மாணவரிடம் நாம் ஒரு வினா எழுப்புவதுண்டு. இரு சிலம்புகளும் வெளித்தோற்றத்தில் ஒத்தவையே. உள்ளே ஒன்றில் மாணிக்கப் பரல், மற்றதில் முத்துப் பரல். உடைத்துப் பார்க்கும் முன்னரே கோவலன் உயிர் போய்விட்டது. தோற்றத்தையே சான்றாகக் கொள்வது எத்தகைய கேடு? இருபது ஆண்டுகளாக இவ்வாறு கேட்டுவந்த நாமே, அதே மதுரையில், உடன்பிறந்த தம்பிக்கு எதிராக அப்படியொரு சான்றை ஆக்கிக் கொடுத்தோம்.

தம்பி வாடிப்பட்டியில் தேங்காய் வணிகம் செய்பவர். 'குட்டியானை' என்று ஊரார் அழைக்கும் சிறு சரக்கு வண்டியைத் தாமே ஓட்டி, தோப்புதோறும் சென்று காய் எடுப்பார். 2022 ஆகஸ்டில், திண்டுக்கல் நாற்கரச் சாலையை ஒட்டிய அணுகுசாலையில் லாரி ஒன்று மோதியதில் அவருடைய வலது முழங்கால் நொறுங்கியது. இரண்டு அறுவை மருத்துவம் நடந்தும் கால் பாதியளவே மடங்கிற்று. வண்டி விற்கப்பட்டது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்கீழ் மதுரைத் தீர்ப்பாயத்தில் இழப்பீட்டு மனு அளித்தோம்.

இத்தகைய வழக்குகளில் பலரும் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. ஒரு காலுக்கு 40 விழுக்காடு ஊனம் என்று மருத்துவக் குழு சான்றளித்தால், வருவாய் இழப்பும் 40 விழுக்காடு என்று ஆகிவிடாது. காயமுற்றவர் எவ்வெவற்றைச் செய்ய இயலும், எவ்வெவற்றைச் செய்ய இயலாது, அவர்தம் தொழிலை அது எவ்வளவு பாதிக்கிறது என்று தீர்ப்பாயம் ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவுபடுத்தியுள்ளது. ஆகவே 'இவரால் இப்போது என்ன முடியும்?' என்பதே வழக்கின் உயிர்நிலை. எதிர்த்தரப்பினர் அதற்கு விடை தேடும் முதல் இடம் முகநூல் என்பதை அன்று நாம் அறிந்திலோம்.

2023 ஜூனில் நம் மூத்த மகளின் நிக்காஹ் வாடிப்பட்டியில் நடந்தது. பந்தலின் பின்புறம் பிரியாணித் தேக்சாக்கள் இறக்கப்பட்டுக்கொண்டிருந்தன. தம்பி நாற்காலியிலிருந்து எழுந்து, ஒரு தேக்சாவின் பிடியில் கைவைத்துச் சிரித்தவாறு நின்றார். தூக்கியவர்கள் வேறு இருவர். தம்பி கை வைத்தது படத்திற்காக மட்டுமே. ஊன்றுகோல் விறகுக் கட்டின் பின்னால் சாய்ந்திருந்தது. நாற்காலி சட்டகத்திற்கு வெளியே நின்றது. பத்து மாதங்களாகச் சிரித்தறியாத முகம் சிரித்ததைக் கண்ட மகிழ்ச்சியில், அப்படத்தை முகநூலில் அனைவரும் காணுமாறு இட்டு, 'பழைய வலிமை மீண்டது, சிங்கம் எழுந்தது!' என்று எழுதினோம். மேளத்திற்குப் பெயர்பெற்ற ஊரில் பிறந்தவர்க்கு எதையும் கொட்டி முழக்காமல் இருக்க வராது போலும். வகுப்பில் இதனை உயர்வு நவிற்சி அணி என்போம்.

2024 பிப்ரவரியில் தம்பி குறுக்கு விசாரணைக்கு நின்றார். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அப்படத்தின் அச்சுப்படியை நீட்டி, நம் ஐந்து சொற்களையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். பின்னிருக்கையில் அமர்ந்திருந்த நமக்கு, நம் தமிழே அத்துணை அந்நியமாக ஒலித்தது அன்றுதான். தம்பி, "எங்கண்ணே அப்பிடித்தாங்க எழுதுவாரு" என்றார். மன்றத்தில் சிலர் நகைத்தனர்.

அன்றிரவே படத்தை அழித்துவிட முனைந்தோம். நம் வழக்கறிஞர் தொலைபேசியிலேயே தடுத்தார். "அழிச்சா படம்தான் போகும் சார், அழிச்ச சேதி நிக்கும்." வழக்கில் சான்றாகக்கூடிய மின்னணுப் பதிவை, அது மன்றத்திற்கு வராமல் தடுக்கும் நோக்கில் அழிப்பதே குற்றம், அன்று இந்திய தண்டனைச் சட்டம் 204-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவு. மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழை எதிர்த்தரப்பினர் அளிக்கவில்லையே, அதைச் சொல்லித் தப்பலாகாதா என்றும் கேட்டோம். "எழுதினது நீங்கதானே? கூண்டுல ஏறி இல்லைன்னு சொல்வீங்களா?" என்று அவர் கேட்டார். விடையளிக்க நமக்கு வாய் வரவில்லை.

நண்பர்கட்கு மட்டும் என்று பூட்டி வைத்திருந்தாலும் பெரும்பயன் இராது என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தோம். கனடாவின் ஒன்டாரியோ நீதிமன்றம் 2009-இலேயே, விபத்து வழக்கொன்றில், பூட்டப்பட்ட முகநூல் பக்கத்தைக் குறித்தும் வினவலாம் என்றது. அடுத்த ஆண்டு நியூயார்க் மாநில நீதிமன்றம், காயமுற்ற பெண்ணொருவர் அழித்துவிட்ட பதிவுகளையும் எதிர்த்தரப்பினர் காண ஆணையிட்டது. வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பதாகச் சொன்ன அப்பெண்மணி, வீட்டிற்கு வெளியே புன்னகைத்தவாறு காணப்பட்டாராம். நோயாளி புன்னகைக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் புன்னகைக்குப் பிந்திய இரவின் வலியை எவரும் படமெடுத்து இடுவதில்லையே! குடும்பத்தார் மட்டுமே உள்ள புலனக் குழுவும் அவ்வாறே. அதில் ஒரு மருமகன் போதும், படம் ஊரைச் சுற்றிவர.

பின்னர் நாமும் சாட்சிக் கூண்டேறினோம். அன்று எடுத்த படங்கள் அனைத்தையும் வரிசை குலையாமல் அளித்தோம். அடுத்த படத்திலேயே தம்பி நாற்காலியில் முழங்காலைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருந்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மிகுந்த மரியாதையுடன், "ஐயா தமிழ் விரிவுரையாளர். சொல்லின் பொருள் அறிந்தவர். அப்படியானால் எழுதியது பொய்யா?" என்றார். மாணவர் எவரேனும் அங்கிருக்கின்றனரோ என்று ஒருமுறை பார்த்துக்கொண்டோம்.

"உண்மையன்று; எம் ஆசை" என்றோம். எழுத்தர் அதனை அவ்வாறே பதிந்துகொண்டார்.

தீர்ப்பாயம் அப்படத்தை மட்டும் கொண்டு முடிவு செய்யவில்லை, ஊனத்தை ஏற்றது. எனினும் வருவாய் இழப்பு, நாம் கோரியதில் ஏறத்தாழப் பாதியாகவே கணக்கிடப்பட்டது. தீர்ப்பின் ஒரு பத்தியில் நம் ஐந்து சொற்களும் இடம்பெற்றிருந்தன. அப்பத்தியால் குறைந்த தொகை எவ்வளவு என்று வழக்கறிஞர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. தம்பி இன்றளவும் அதுபற்றி ஒரு சொல் சொன்னாரில்லை. அதுவே நமக்குப் பெருஞ்சுமை.

சென்ற பெருநாளன்று தொழுகை முடிந்து வந்ததும், பேரனை மடியில் வைத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தார். கைப்பேசியை எடுத்த நாம் தயங்கி நின்றோம். "எடுங்கண்ணே, அதுக்கென்ன?" என்றவர், ஊன்றுகோலைத் தம் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு, "எழுத மட்டும் வேணாம்" என்றார்.