பேரிளம்பெண்ணுக்குப் பின்

பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாகப் பகுத்துப் பெயரிட்ட மொழி நம்முடையது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பாட்டியல் நூல்கள் சிறுசிறு வேறுபாடுகளோடு தரும் கணக்கின்படி, பேதைக்கு வயது 5 முதல் 7. பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. சேரமான் பெருமாளின் திருக்கயிலாய ஞானவுலா தொடங்கி ஒட்டக்கூத்தரின் மூவருலா வரை, இந்த எழுவரும் வீதியில் நின்று உலா வரும் தலைவனைக் கண்டு மயங்குகிறார்கள். நாற்பதோடு வரிசை முடிந்துவிடுகிறது. நாற்பத்தொன்றாம் வயதில் அவள் எங்கே போனாள் என்பது பற்றி உலாக்களில் பேச்சில்லை. ஆனால் உலாப் போகும் ஆடவனுக்குப் பன்னிரு பாட்டியல் 48 வயது வரை இடம் தருகிறது.

அந்த எட்டாண்டு இடைவெளியில் நிற்பவர்கள் எங்களுள் இருவர். அதையும் கடந்தவர்கள் மூவர். மதுரையில் ஒரே கல்லூரியில் தமிழ் படித்தவர்கள் நாங்கள். இன்று ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி வங்கியில், ஒருத்திக்குத் தையற்கடை, இருவர் இல்லத்தரசிகள். மாதம் ஒருமுறை கூடிப் பழைய நூல்களைப் படிக்கிறோம். விக்கிரம சோழனுலாவைப் படித்து முடித்த மாலையில்தான், எங்களுக்கு அங்கே பெயரில்லை என்பது உறைத்தது.

பெயரே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. கண் மங்கினால் வெள்ளெழுத்து என்று அழகான சொல் உண்டு. குரல் சற்று உயர்ந்தால் நாற்பதுக்கு மேல் நாய்க்குணம் என்று பழமொழி சொல்லக் காத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் உடலுக்குள் நிகழும் பெரிய மாற்றத்துக்கு எங்கள் அன்னையர் வைத்திருந்தது 'நின்னுபோச்சு' என்ற ஒற்றைச் சொல்தான். எது நின்றது என்பதுகூட அதில் இல்லை. பூப்பெய்தியபோது பந்தலிட்டு, பூமாலை சூட்டி, ஊரழைத்துச் சொன்ன செய்தியின் மறுமுனை இது. தொடக்கத்துக்குச் சீர்வரிசை, முடிவுக்கு மௌனம்.

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதளவில் மாதவிடாய் நிற்கிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் வராதிருந்தால்தான் நின்றது என்று மருத்துவம் கணக்கிடும். அதற்கு முன்பே, சில ஆண்டுகள் வரை, உடல் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும். மார்கழி இரவில் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு வியர்வையோடு எழுந்து உட்காருவோம். பக்கத்தில் படுத்திருப்பவர் போர்வையை இழுத்துக்கொண்டு, "என்னம்மா, பைத்தியமா?" என்பார். ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் உடலின் வெப்பச் சீராக்கம் தடுமாறுகிறது என்று ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடலாம். அந்த ஒரு வாக்கியத்தை எங்கள் அன்னையருக்கு எவரும் சொல்லவில்லை. எலும்பின் அடர்த்தி குறையத் தொடங்கும் காலமும் இதுவே என்பதையும் அவர்கள் அறியவில்லை. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகே அறிந்தார்கள்.

சென்ற ஆண்டு எங்களுள் ஒருத்திக்கு உதிரப்போக்கு மிகுந்தது. கர்ப்பப்பையில் சிறு கட்டி. ஆபத்தானதல்ல என்று பரிசோதனை சொன்னது. ஆனாலும் அவள் சென்ற மருத்துவர், ஏட்டிலிருந்து தலை நிமிராமலே, "பிள்ளைகள் பெற்றாயிற்று. இனி இது எதற்கு? எடுத்துவிடலாம்" என்றாராம். அறுவை தேவைப்படும் நேரங்கள் உண்டு. அதை நாங்கள் மறுக்கவில்லை. 'இனி எதற்கு' என்ற சொல்தான் எங்களை இரவெல்லாம் தூங்கவிடவில்லை. இரண்டாவது மருத்துவரிடம் ஐவருமே போனோம். அந்த அம்மையார் பொறுமையாகப் பேசினார், மருந்திலேயே குணமாயிற்று. நாற்பதோடு வரிசையை முடித்த பாட்டியலும், பிள்ளைப்பேற்றோடு உடலின் கணக்கை முடித்த அந்த வாக்கியமும் வேறுவேறல்ல என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

நம் மரபு நடுவயதைத் தாண்டிக் குதிக்கவே விரும்பியிருக்கிறது. மணவாழ்வை மறுத்த ஔவை, விநாயகரை வேண்டி ஒரே கணத்தில் கிழவியானாள் என்கிறது கதை. காரைக்கால் அம்மையார் தசையை உதறிப் பேயுருக் கொண்டார். இளமையிலிருந்து நேரே முதுமைக்கு, அல்லது உருவமற்ற நிலைக்கு. இடையில் உள்ள முப்பது ஆண்டுகளை வாழ்ந்து கடக்க அவர்களுக்கு வழியிருக்கவில்லை போலும். 1953இல் வெளிவந்த 'ஔவையார்' படத்தில் கோலூன்றிப் பாடிய கே. பி. சுந்தராம்பாள் 1908இல் பிறந்தவர். தமிழகம் பாட்டியாகக் கண்டு கைகூப்பிய அந்த உருவத்துக்குள் இருந்தவர், நாற்பத்தைந்தை ஒட்டிய ஒரு பெண். அந்தக் கம்பீரக் குரல் நடுவயதின் குரல்!

வயது வெறும் எண் என்று சொல்லித் தேற்றுவோரிடம் எங்களுக்கு உடன்பாடில்லை. முழங்கால் வலிக்கிறது, பெயர்கள் மறக்கின்றன, கடைவீதியில் எங்களைக் கடந்து செல்லும் கண்கள் எங்களைக் காண்பதில்லை. இழப்பு இழப்புதான். எனினும், காணாத கண்களுக்காக உடுத்த வேண்டியதில்லை என்பது விடுதலை. எங்களுள் இருவர் சாயத்தை விட்டு நரையோடு நடமாடுகிறார்கள். மற்றவர்கள் சாயமிட்டே மகிழ்கிறார்கள். இரண்டுமே அவரவர் விருப்பம் என்று சண்டையின்றி ஒப்புக்கொள்ள எங்களுக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது. 'வேண்டாம்' என்ற சொல்லைக் காரணம் அடுக்காமல் சொல்லவும் இப்போதுதான் வாய்க்கிறது.

பேரிளம்பெண் என்ற சொல்லை மீண்டும் பாருங்கள். ஏழாவது பெயரில்கூட 'இளமை'யைப் புலவர்களால் விட முடியவில்லை. அந்தப் பெயரை ஐம்பதுவரை நீட்டித்துத் தாருங்கள் என்று கேட்க எங்களுக்கு மனமில்லை. சிலப்பதிகாரத்தில், மதுரையில், கோவலன் கண்ணகியைச் சிறுமுதுக்குறைவி என்கிறான். சிறுவயதிலேயே பேரறிவு வாய்த்தவள் என்பது பொருள். அதிலிருந்து 'சிறு' என்பதை மட்டும் எடுத்துவிட்டால் முதுக்குறைவி. காலம் கொண்டுவந்த அறிவை உடையவள்.

எட்டாவது பருவத்துக்கு இந்தப் பெயரை நாங்கள் எடுத்துக்கொண்டோம். தோழியரே, உங்களுக்கும் பொருந்தினால் சூடிக்கொள்ளுங்கள்.