எழுதப்படாத வரம்புகள்

திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய பி.எஸ்.எல்.வி. ஏவூர்தி 1993 செப்டம்பர் 20 அன்று முதன்முறையாகப் பறந்தது. செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்க்கவில்லை. இரண்டாம் நிலை பிரிந்தபோது எதிர்பாராத பெரும் குலுக்கம் நேர்ந்தது. அதைச் சீராக்கவேண்டிய மென்பொருளில், கட்டளையின் மதிப்பு உச்ச வரம்பைத் தாண்டினால் மட்டுமே வெளிப்படும் பிழை ஒன்று மறைந்திருந்தது.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 சிதறியது. ஏரியான் 4-க்காக எழுதப்பட்ட மென்பொருள் அதில், 64 பிட் மிதவைப்புள்ளி எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்ற இயலாமல் நின்றது. அம்மதிப்பு அவ்வளவு பெரிதாகாது என்ற கணிப்பு பழைய ஊர்திக்குப் பொருந்தியது. ஆனால் நிரலில் அது எழுதப்படவில்லை.

பொதுமை நிரலாக்க நூலகம் என்பது முழுவதும் மறுபயன்பாட்டுக்கானது. ஆகவே அங்கு முன்நிபந்தனைகளை ஒப்பந்தமாக எழுதுவது இன்றியமையாதது; சி++26 அதற்கு வழி தருகிறது. ஆயினும் ஒரு சிக்கல் உண்டு: நிபந்தனையைச் சோதிப்பதற்கே தரவு வகையிடம் கூடுதல் திறன் தேவைப்படலாம்.

வரிசைப்படுத்திய இரு தொடர்களை இணைக்கும் சார்பைக் கொள்வோம். இணைப்பதற்கு ஒவ்வோர் உறுப்பையும் ஒருமுறை படித்தால் போதும். தொடர் வரிசையில் உள்ளதா என முன்னரே சோதிக்கவோ, இருமுறை படிக்கவேண்டும். உணரியிலிருந்து வரும் தரவோடை ஒருமுறைதான் படிக்கத்தக்கது. சோதனையே தரவை விழுங்கிவிடும்.

இருமுறை படிக்கத்தக்க தொடர்களை மட்டும் ஏற்பது என்று விதித்தால், முறையான பயனர் சிலர் விலக்கப்படுவர். இயலாத இடத்தில் சோதனையை ஓசையின்றி நீக்கினால், காவல் இருப்பதாக நம்பி ஒருவர் ஏமாறுவார். இவற்றுள் பின்னதே கொடிது. சோதனைக்குத் தேவையான திறனைத் தொகுப்பு நேர நிபந்தனையாகவே அறிவிப்பதும், சோதனையற்ற வடிவத்தைத் தனிப்பெயரில் தருவதும் நேர்மையான வடிவமைப்பு. அப்போது காவலைத் துறப்பவர் அறிந்தே துறக்கிறார்.

பறக்கும்போது வரும் மதிப்பைத் தொகுப்பி முன்னறியாது. அம்மதிப்பைச் சோதிக்கும் வரி உண்டா, இல்லையா என்பதை மட்டுமே அது உறுதிசெய்ய முடியும். 1994 அக்டோபர் 15 அன்று பி.எஸ்.எல்.வி. தன் இரண்டாம் பயணத்தில் ஐ.ஆர்.எஸ்.-பி2 செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. முதற்பயணத்தின் பாடமோ நிரல் எழுதுவோர் அனைவருக்கும் உரியது: வரம்புக்குள் நடக்கும் ஆயிரம் ஓட்டங்களும் வரம்புக்கு அப்பால் உள்ளதைச் சொல்லமாட்டா.