காயாத பலகை

சென்ற வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் மகன் தொலைபேசியில் அழைத்தான். பழைய பிளைவுட் வள்ளம் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கியிருப்பதாகவும், மேல்தட்டைச் சுரண்டி எடுத்துவிட்டதாகவும், இடவப்பாதி மழை பிடிப்பதற்குள் புதிதாகக் கோட்டிங் போட்டுவிட வேண்டும் என்றும் சொன்னான். "சித்தப்பா, நீங்க அந்தக் காலத்துல ரெசின் வேலை நல்லாச் செய்வியளாமே. அப்பா சொன்னாவ. ரெண்டு நாள் வந்து நின்னாப் போதும்."

அப்பா சொன்னாவ என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். அண்ணனா என்னை அழைக்கச் சொன்னது? வருகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தபின் நெடுநேரம் திண்ணையிலேயே அமர்ந்திருந்தேன். ரெசின் வாளியை நான் தொட்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. மறந்துபோனதால் தொடாமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது.

கல்லூரியில் நெய்தல் திணை நடத்துகிறவன் நான். திமில், அம்பி, புணை, வங்கம், நாவாய் என்று கலங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மணலையும் புன்னையையும் இரங்கலையும் விளக்கிக்கொண்டு போவேன். அந்தக் கலங்களுக்குள் தண்ணீர் வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாடத்தை விட்டு வெகுதூரம் போயிருப்பேன். கடற்கரையில் வளர்ந்தவனுக்குக் கலம் என்பது ஓயாமல் கசிகிற, ஓயாமல் அடைக்கப்படுகிற ஒரு பொருள்.

என் தாத்தா கட்டுமரக்காரர். கட்டுமரத்துக்குத் தண்ணீரோடு பகை கிடையாது. கட்டைகளின் இடுக்கு வழியே கடல் மேலே வரும், அந்த வழியாகவே திரும்பப் போகும். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். நனைவதும் காய்வதும் அதன் அன்றாட வழக்கம். பலகையால் ஆன வள்ளம் வேறு பிறவி. அது தண்ணீரை வெளியே நிறுத்தியே தீர வேண்டும். கயிற்றால் தைத்த பழைய வள்ளங்களின் பொருத்துகளைக் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து அடைத்தார்கள். பலகைக்கு மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயும் பூசினார்கள். அந்த எண்ணெய்கள் மரத்துக்குள் இறங்கி அதோடு கலந்துவிடும். மரமும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். ஆண்டுதோறும் பூசவேண்டியிருந்ததால் ஆண்டுதோறும் மரத்தைத் தொட்டுப் பார்க்கவும் வேண்டியிருந்தது.

1980களின் தொடக்கத்தில் குமரி மாவட்டக் கடற்கரைக்குப் பிளைவுட் வள்ளங்கள் வந்தன. வள்ளம் குடைவதற்கான பெருமரங்கள் அரிதாகி, விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டிருந்த காலம் அது. முட்டத்தில் கட்டுமானக் கூடம் எழுந்தது. பலகைகளை அளவுக்கு அறுத்து, ஓரங்களைச் செம்புக் கம்பியால் தைத்து, பொருத்துகளின் மேல் கண்ணாடி இழை நாடாவை ரெசினில் தோய்த்து ஒட்டுவார்கள். கம்பியைப் பார்த்த கிழவர்கள், 'பழைய தையல்தான், நூலைத்தான் மாத்தியிருக்கான்' என்று சிரித்ததாக அப்பா சொல்வார். தட்டுக்குக் கீழுள்ள அறைகளில் தெர்மோகோலை அடைத்திருப்பார்கள். கவிழ்ந்தாலும் வள்ளம் மிதக்கும்.

அப்படியொரு வள்ளத்தை அப்பா 1992இல் கடன் பட்டு வாங்கினார். கடலுக்கேற்ற பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710 என்றொரு தரநிர்ணயம் உண்டு. பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அதன் அடுக்குகள் பிரியக்கூடாது. அப்பாவுக்கு இதில் பெரிய மரியாதை இருந்தது. ஆனால் அந்தச் சோதனை பசைக்கு வைக்கப்படுவது என்பதையும் அவரே சொல்வார். "பசை பிரியாது. மரம் மரந்தான், கேட்டியா. அது உளுக்கத்தான் செய்யும்."

மேல்தட்டுக்குக் கோட்டிங் போடும் வேலையை அவரிடம்தான் கற்றேன். பழைய தோலை உரித்து, மரத்தின் நிறம் தெரியும்வரை உப்புத்தாள் தேய்க்க வேண்டும். பலகையின் அறுத்த ஓரங்களில் மரத்தின் நரம்புகள் வாய் திறந்திருக்கும். அவை ரெசினை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், போதும் என்னும்வரை கொடுக்க வேண்டும். முதல் பூச்சு நீர்த்ததாக இருக்கும், உள்ளே இறங்குவதற்காக. அதன்மேல் கண்ணாடி இழைப் பாய். நாங்கள் மேட் என்போம். மேட்டின் மேல் மறுபடியும் ரெசின், பின் இரும்பு உருளையால் ஒரு காற்றுக்குமிழி விடாமல் தள்ளி வெளியேற்றுவது. ஒரு கிலோ ரெசினுக்குக் கோபால்ட்டும் ஹார்டனரும் 10 முதல் 20 மில்லிக்குள். கோபால்ட்டை முதலில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் ஹார்டனர். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். இரண்டு குப்பிகளையும் அப்பா ஒரே கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. ஹார்டனர் ஊற்றியபின் நம் வெயிலில் கால்மணி நேரம் கிடைக்கும். அதற்குள் வாளி சூடேறி ரெசின் தயிர்போல் உறையத் தொடங்கிவிடும். இந்த வேலையில் அவசரப்பட வேண்டிய இடம் அது ஒன்றுதான். மற்ற இடங்களில் எல்லாம் காத்திருக்க வேண்டும்.

1998 மே மாதக் கடைசி. இளங்கலை முடித்திருந்தேன். முதுகலைச் சேர்க்கைக்கான நேர்காணல் வெள்ளிக்கிழமை. செவ்வாய் இரவு எதிர்பாராத மழை. சுரண்டி வைத்திருந்த மேல்தட்டின் மேல் மூடியிருந்த ஓலை ஒரு பக்கம் விலகிப் பலகை நனைந்துவிட்டது. புதன் காலை எஞ்சின் கடன் விஷயமாக நாகர்கோவிலுக்குப் புறப்பட்ட அப்பா, பலகையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "மரம் ரெண்டு வெயிலு குடிக்கட்டும். பெறகு பாலித்தீன் போட்டுப் பாரு" என்றார். பாலித்தீன் துண்டொன்றைப் பலகைமேல் விரித்து, ஓரங்களில் கல் வைத்து வெயிலில் விடுவது அவருடைய சோதனை. மரத்துக்குள் ஈரம் இருந்தால் சில மணி நேரத்தில் தாளின் அடியில் வியர்த்துவிடும்.

இரண்டு வெயில் என்றால் வெள்ளிக்கிழமை வந்துவிடும். வியாழன் மாலை நான் பேருந்து ஏறியாக வேண்டும். கோட்டிங் முடியாமல் போனால் மழைக்காலம் முழுவதும் வள்ளம் தோலுரிந்து கிடக்கும் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். புதன் நண்பகலில் பாலித்தீன் விரித்தேன். மூன்று மணிக்கு எடுத்துப் பார்த்தபோது தாள் முழுக்க உலர்ந்திருந்தது. இடது புறம் முழங்கை அகலத்துக்கு மட்டும் ஊசிமுனைபோல் நீர்த்துளிகள். அவற்றை உள்ளங்கையால் துடைத்தேன். துடைத்த கையோடு ரெசினைக் கலக்கத் தொடங்கினேன்.

மறுநாள் காலை தட்டு கண்ணாடிபோல் பளபளத்தது. அந்த இடத்தில் மட்டும் தோலுக்கடியில் பால் சிந்தியதுபோல ஒரு வெண்மை பூத்திருந்தது. ஈரம் பட்ட ரெசின் அப்படித்தான் வெளுக்கும் என்பது எனக்குத் தெரியும். அப்பா திரும்புவதற்குள் சாம்பல் நிறப் பெயிண்டை எடுத்து மேல்தட்டு முழுவதும் அடித்துவிட்டுப் பேருந்து ஏறினேன். நேர்காணலில் நெய்தல் பற்றித்தான் கேட்டார்கள். நன்றாகப் பதில் சொன்னேன். இடம் கிடைத்தது.

2000 புரட்டாசியில் ஒரு நள்ளிரவு, கரையிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டத்தில், வலையைத் தோளில் தூக்கியபடி நடந்த அண்ணனின் வலது கால் தட்டை உடைத்துக்கொண்டு முழங்கால்வரை இறங்கியது. உடைந்த கண்ணாடி இழையின் விளிம்பு கத்தியைப் போன்றது. கணுக்காலுக்கு மேலே நரம்பு அறுந்துவிட்டது. துண்டால் இறுகக் கட்டி, வலையை அறுத்துக் கடலில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். கால் பிழைத்தது. கணுக்கால் மட்டும் மடங்காமல் நின்றுவிட்டது. ஆடுகிற வள்ளத்தில் நிற்கக் கணுக்கால் வேண்டும். அண்ணனுக்கு அப்போது 25 வயது. அதன்பின் அவர் கடலுக்குப் போகவில்லை. கரையில் மீன் ஏலம் கூறுகிறவரானார்.

செய்தி கேட்டு நான் ஊருக்கு வந்தபோது அப்பா மேல்தட்டை அறுத்து மணலில் பரப்பி வைத்திருந்தார். ஒரு துண்டை எடுத்துத் தோலை உரித்துக் காட்டினார். நன்றாக ஒட்டிய இடத்தில் தோல் தனியாக வராது, மரத்தின் நாரையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். இடது புறத்தில் அது வாழைத்தோல்போல் வழுவழுவென்று கழன்று வந்தது. அடியில் ஒரு நார்கூட இல்லை. அதன்கீழ் மரம் ஊறிக் கறுத்து, விரலால் கிள்ளினால் உதிர்ந்தது. காயாத இடத்தில் ஒட்டவில்லை. ஒட்டாத இடத்தில் இடைவெளி. ஏதோ ஒரு திருகாணித் துளை வழியே இறங்கிய மழைத்தண்ணீர் அந்த இடைவெளியில் தங்கிவிட்டது. மேலிருந்து வரும் நீரைத் தடுப்பதற்குப் போட்ட தோல், உள்ளே போன நீரையும் வெளியே விடவில்லை. இரண்டு மழைக்காலம் மரம் மூடிய அறைக்குள் கிடந்து அழுகியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறல் கிடையாது.

அப்பா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அண்ணைக்கு மரம் காஞ்சு கெடந்துதா மக்களே?"

"காஞ்சுதான் கெடந்துது" என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. 2011இல் இறக்கும்வரை கேட்கவில்லை.

கடற்கரையில் எல்லோரும் அறிந்த ஒன்று உண்டு. மரத்தை உளுக்க வைப்பது கடல்நீர் அல்ல, மழைநீர். உப்பு ஊறிய மரத்தில் உளுப்புப் பூஞ்சை எளிதில் வளராது. நன்னீர் தேங்கிய இடத்தில்தான் அது குடியேறும். ஆகவே, பழைய ஆட்கள் தட்டைக் கடல்நீரால்தான் கழுவுவார்கள். நான் எத்தனையோ முறை அண்ணனிடம் சொல்ல நினைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வீட்டில் ஏதோ ஒரு நல்ல காரியம் நடந்துகொண்டிருக்கும். அவர் மகள் சடங்கு, என் திருமணம், பேரப்பிள்ளையின் பெயர்சூட்டு. நல்ல நாளில் எதற்கு என்று விட்டுவிடுவேன். சண்டைகளைவிட அந்த நல்ல நாட்களே எங்களுக்குள் அதிகம் அரித்தன என்று இப்போது தோன்றுகிறது.

வைகாசியில் ஊருக்குப் போனேன். 2004 சுனாமிக்குப் பின் வந்து குவிந்த முழு ஃபைபர் படகுகளுக்கு நடுவே அந்தப் பிளைவுட் வள்ளம் ஒரு கிழவரைப்போலக் கிடந்தது. அண்ணன் காலை இழுத்தபடி வந்து, ஐந்து ரூபாய் நாணயத்தால் மேல்தட்டை வரிசையாகத் தட்டிக்கொண்டே நடந்தார். நல்ல மரம் இறுக்கமான ஒலி தரும். உளுத்தது மந்தமாகக் கேட்கும். அப்பா செய்வதைப் போலவே காதைச் சாய்த்துக் கேட்டார். மகன் மேட் வாங்க நாகர்கோவிலுக்குப் போயிருந்தான்.

அவர் தட்டிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். பாலித்தீன், துளிகள், துடைத்த கை, பால்போல் பூத்த வெண்மை, பெயிண்ட், அப்பாவிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும். வகுப்பில் ஒரு மணி நேரம் தங்குதடையின்றிப் பேசுகிறவன், இதைச் சொல்லி முடிக்க மிகவும் திணறினேன்.

அண்ணன் தட்டுவதை நிறுத்தினார். வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த வெள்ளைய நானும் பாத்தேன்" என்றார். "நீ பெயிண்டு கலக்கிட்டு இருந்தப்போ வந்து பாத்தேன். அழிச்சுத் திரும்பப் போடணும்னா சீசனு போயிரும், கடங்காரன் வருவான்னு சும்மா இருந்துட்டேன். அப்பா எங்கிட்டயும் கேட்டாவ. காஞ்சு கெடந்துதுன்னுதான் நானும் சொன்னேன்."

என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்பா ஒரே கேள்வியை இரண்டு மகன்களிடமும் கேட்டு, ஒரே பொய்யை இரண்டு முறை வாங்கிக்கொண்டு, பதினோரு ஆண்டுகள் எங்கள் இருவரோடும் ஒரே பாயில் அமர்ந்து சாப்பிட்டிருக்கிறார். அண்ணன் என்னை மன்னித்துவிட்டதாக நான் எழுத மாட்டேன். அப்படியொரு சொல் எங்களுக்குள் வரவில்லை. அவர் கால் அவர் கால்தான். என் பட்டமும் சம்பளமும் என்னுடையவைதான்.

மாலையில் மகன் மேட்டும் ரெசினுமாக வந்து சேர்ந்தான். மேற்கே கருத்துக்கொண்டிருந்தது. மழைக்கு முன் இரவோடிரவாகப் போட்டுவிடலாமா என்று கேட்டான். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் விரித்திருந்த பாலித்தீனை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். ஓரத்தில் மெல்லிய வியர்வை.

"காயல" என்றேன்.

ஓலையோடு தார்ப்பாயையும் இழுத்து மூடிக் கயிறு கட்டினோம். அன்றிரவு மழை பெய்தது. கல்லூரிக்கு இன்னும் நான்கு நாள் விடுப்பு எழுதிப் போட்டேன். இரண்டு வெயில் கழித்துத்தான் ரெசின் கலக்கினோம்.