மூச்சு விடட்டும், கத்த வேண்டாம்

பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்புத் தம்பி செந்திலுக்கு,

அக்கா எழுதுவது. அடுத்த மாதம் நீ இங்கே வேலைக்குச் சேரப்போவதையும், கோயம்புத்தூரிலிருந்து ஆக்டேவியா ஆர்எஸ்ஸை நீயே ஓட்டிக்கொண்டு வரப்போவதையும் அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம்டா. நீ அனுப்பிய எக்ஸாஸ்ட் வீடியோக்களையும் கேட்டேன். டவுன்பைப் போடவா, கேட்-பேக் போடவா, இரண்டையும் போட்டு என்ஜின் கம்ப்யூட்டரை ஸ்டேஜ் 2 ரீமேப் செய்யவா என்று கேட்டிருந்தாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் குறுக்கே பேசுவாய். என்ஜின் கேலிப்ரேஷன்தான் என் தொழில். இதை அரைகுறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. பொறுமையாகப் படி.

உன் கார் 2017-ல் வந்த ஆர்எஸ் 230. இரண்டு லிட்டர் டிஎஸ்ஐ, 230 பிஎஸ், 350 நியூட்டன் மீட்டர், நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 6.8 விநாடி. அந்த என்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு தனியாக இல்லை. சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்த்து, சுற்றிலும் கூலன்ட் ஓடும்படி செய்திருக்கிறார்கள். அதனால் "ஹெடர்ஸ் (மேனிஃபோல்டு) மாற்றித் தருகிறேன்" என்று எந்தக் கடையிலாவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடு. அவர்களுக்கு உன் என்ஜின் தெரியாது.

டர்போ என்ன செய்கிறது என்பதில்தான் உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நம்ம ஊர் வாய்க்கால் மதகை நினைத்துக்கொள். மேல்பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் கீழ்ப்பக்க மட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் பாயும். டர்பைன் சக்கரத்தைச் சுற்றுவதும் அப்படி ஒரு வித்தியாசம்தான்: முன்னால் இருக்கும் அழுத்தம், பின்னால் இருக்கும் அழுத்தம். பின்பக்கம் அடைப்பு குறைந்தால் அதே வாயு சக்கரத்தை இன்னும் நன்றாகச் சுற்றும், பூஸ்ட் சீக்கிரம் ஏறும், லேக் குறையும். "கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தால்தான் டார்க் வரும்" என்று சொல்பவர்களை நம்பாதே. டர்போவுக்குப் பிறகு பேக் பிரஷரால் ஒரு நன்மையும் இல்லை.

இந்த ஊருக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத கார் இங்கே அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும். உன் கார் இழக்காது, ஏனென்றால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி அந்தக் குறையை நிரப்பிவிடும். அந்தக் கூடுதல் உழைப்பு கூடுதல் சூடாகத்தான் முடியும். அதனால் எக்ஸாஸ்டுக்கு நல்ல வழி விடவேண்டும் என்ற உன் எண்ணம் சரியானதுதான். எந்த இடத்தில் வழி விடுவது என்பதில்தான் நானும் நீயும் வேறுபடுகிறோம்.

டர்பைனை விட்டு வெளியே வந்தவுடன்தான் வாயு மிகச் சூடாக, மிக விரிந்து இருக்கும். பின்னால் போகப் போகக் குளிர்ந்து சுருங்கும். ஆகவே பெரிய லாபம் டர்பைனை ஒட்டிய குழாயான டவுன்பைப்பில்தான். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது. டர்போவுக்குப் பக்கத்தில் அதை வைத்ததற்குக் காரணம், சுமார் 250, 300 டிகிரி சூடு ஏறினால்தான் அது வேலையே செய்யும். அதற்குள் பூசியிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்தான் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் மாற்றுகின்றன. அதை வெட்டி எறிந்துவிட்டுப் போடும் "கேட்-லெஸ்" டவுன்பைப்பைத்தான் நீ அனுப்பிய மூன்று வீடியோவிலும் புகழ்கிறார்கள்.

அதை மட்டும் செய்யாதேடா. சில்க் போர்டு சந்திப்பில் சிக்னலுக்கு நிற்கும்போது உன் டெயில் பைப்புக்கு நேர் பின்னால் நிற்பது ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிறுத்தி வைத்திருக்கும் ஒரு அம்மாவாக இருப்பாள், ஆட்டோக்காரராக இருப்பார். நாள் முழுக்க அங்கேயே நிற்கும் டிராஃபிக் போலீஸ்காரருக்கு வேறு காற்று கிடையாது. எங்கள் லேபில் கன்வெர்ட்டருக்கு முன்னால் எடுத்த வாயுவின் அளவுகளையும் பின்னால் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறவள் நான். இந்த ஒரு விஷயத்தில் உனக்காகக்கூட நான் வளைந்து கொடுக்கமாட்டேன்.

கன்வெர்ட்டரை எடுக்கக் காரும் விடாது, சட்டமும் இடம் தராது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார், கன்வெர்ட்டரின் வேலை நடக்கவில்லை என்று கண்டுபிடித்து என்ஜின் விளக்கை எரியவிடும். அதை ரீமேப்பில் அணைத்து வைப்பது நோயை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை உடைக்கிற வேலை. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-வது பிரிவின்படி சத்தம், புகை விதிகளை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, லைசென்சும் மூன்று மாதம் போகும். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரின் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கிறது. உன் கார் தமிழ்நாட்டுப் பதிவு. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் என்ஓசி வாங்கி, கர்நாடகத்துக்கு ஆயுள் வரி கட்டி மறுபதிவு செய்யவேண்டும். அப்போது ஆர்டிஓ ஆபீசில் காரைப் பார்ப்பார்கள். பறிமுதலான சைலன்சர்களை வரிசையாக வைத்து இங்கே போலீஸார் ரோடு ரோலர் ஏற்றியதை நீயும் பார்த்திருப்பாய்.

இனி சத்தம். டர்பைன், என்ஜினின் துடிப்புகளில் ஒரு பகுதியைத் தானே விழுங்கிவிடும். டர்போ காரின் குரல் இயல்பாகவே அடங்கியது. சத்தத்தை அடக்கும் ரெசொனேட்டரை எடுத்துவிட்டால் ரேஸ் காரின் குரல் வராது, "ட்ரோன்"தான் வரும். நான்கு சிலிண்டர் என்ஜின் 2,400 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 80 முறை துடிக்கும். ஹைவேயில் நீ அதிக நேரம் ஓட்டப்போவது அதைச் சுற்றித்தான். அந்த 80 ஹெர்ட்ஸ் காருக்குள் மண்டையைப் பிடித்து அழுத்தும். அதை அடக்க ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான கிளைக் குழாய் வேண்டும். அது சின்ன டப்பாவால் ஆகிற காரியம் இல்லை. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தம். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வரம்பு 45 டெசிபல், அமைதி மண்டலத்தில் 40. ஓசூர் ரோட்டில் நீ ஊருக்குள் வரும் வழியில்தான் நிம்ஹான்ஸ் இருக்கிறது. அதன் அருகிலேயே கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனை, குழந்தைகளுக்கான இந்திரா காந்தி மருத்துவமனை. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் "பட் பட்" என்று வெடிக்க வைக்கும் ரீமேப்பை அந்த வழியில் வைத்து யோசித்துப் பார். பெட்ரோலை சிலிண்டருக்கு வெளியே எரியவிட்டுத்தான் அந்த வெடிச்சத்தத்தை வரவழைக்கிறார்கள். அடி விழுவது உன் டர்போவுக்கும் கன்வெர்ட்டருக்கும்.

பிறகு என்ன செய்யலாம்? டவுன்பைப்பையும் கன்வெர்ட்டரையும் தொடாதே. அதற்குப் பின்னால் மட்டும், ரெசொனேட்டரும் மஃப்ளரும் உள்ள கேட்-பேக் போடு. இரண்டரை இன்ச்சிலிருந்து மூன்று இன்ச்சுக்குப் போனால் குழாயின் பரப்பு 44 சதவீதம் கூடும். ஆனாலும் கூடும் சக்தி சில பிஎஸ்தான் என்று மனதில் வைத்துக்கொள். இதற்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு இருப்பதாகவும் நான் சொல்லமாட்டேன். ஆர்டிஓவிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் முதலில் கேட்டு எழுதி வாங்கு. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடு. ஒத்துக்கொண்டால், ஒரிஜினலை மீறாத சத்தம் வருகிறதா என்று மீட்டர் வைத்து அளந்து வாங்கு.

வேலையைப் பீன்யா பக்கம் நல்ல ஆர்கான் வெல்டரிடம் செய்யலாம், நான் கூட வருகிறேன். 304 ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி 202-ஐத் தள்ளிவிடுவார்கள். காந்தம் வைத்துப் பார்த்தால் இரண்டிலுமே ஒட்டாது, அதனால் மில் சர்டிஃபிகேட் கேள். வெல்டிங் செய்யும்போது குழாயின் உள்பக்கமும் ஆர்கான் விடச் சொல். இல்லாவிட்டால் உள்ளே கருகி, அங்கேதான் முதலில் விரிசல் விடும். வளைவுகள் நசுங்காமல் உருண்டையாகவே இருக்கவேண்டும். குழாய் ஃப்ளோருக்கு ஒட்டிப் போகட்டும். இங்கத்திய ஹம்ப்ஸ் ஒவ்வொன்றும் அடியில் இடிக்கும்.

முழு வேகத்தையும் முழுக் குரலையும் கேட்க ஆசை எனக்கும் இருக்கிறது. அதற்கு இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது. 1990-லிருந்து ரேஸ் நடக்கிற இடம், 3.7 கிலோமீட்டர், நம்ம சென்னை ஹைவேயை ஒட்டியே. டிராக் டே வரும்போது சேர்ந்து போவோம். அங்கே போனதும் முதலில் தேய்வது பிரேக் பேடும் டயரும்தான் என்று தெரிந்துகொள்வாய். எக்ஸாஸ்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் பாதியை அவற்றுக்கு ஒதுக்கு.

வந்ததும் ஒரு மாதம் எதையும் மாற்றாமல் இந்த ஊரில் ஓட்டிப் பார். அதற்கப்புறமும் கேட்-பேக் வேண்டும் என்று தோன்றினால், வெல்டிங் செலவு என்னுடையது.

அன்புடன்,
அக்கா