நெல்லிக்குப்பத்திலிருந்து கரைவழியே

ஃபோர்-பை-ஃபோர் வண்டி ஒன்று கைக்கு வந்துவிட்டால் தார்ச்சாலையை விட்டு இறங்கத் தோன்றும். நெல்லிக்குப்பத்தில் இருப்பவருக்கு இடத்துக்கும் குறைவில்லை: வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம், கிழக்கே கடல், சிதம்பரம் தாண்டினால் கொள்ளிடம். ஆனால் இங்கே பயணத் திட்டம் டயரிலும் வின்ச்சிலும் தொடங்கினால் கோணலாகிவிடும். இந்தத் தடம் யாருடையது, எந்த மாதம் அது வண்டியைத் தாங்கும் என்ற இரண்டு கேள்விகளில்தான் அது தொடங்க வேண்டும். அமெரிக்க வனத்துறை 2005-இல் கொண்டுவந்த விதிப்படி, தேசியக் காடுகளில் வரைபடத்தில் குறிக்கப்பட்ட தடங்களில் மட்டுமே மோட்டார் வண்டி போகலாம். இங்கே தமிழ்நாடு அரசு 2024-இல் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது, ஆனால் அவை நடப்பவர்களுக்கானவை. வண்டிக்காரர்களுக்கு மிஞ்சுவது வருவாய்த் துறையின் ஆவணங்கள்தான். நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படமும் அதன் வகையைச் சொல்லும் அ-பதிவேடும் இணையத்திலேயே கிடைக்கின்றன. வண்டிப்பாதை என்று பதிவாகியிருந்தால் போகலாம். வாய்க்கால் என்றோ பட்டா நிலம் என்றோ இருந்தால், வரைபடச் செயலி காட்டும் கோட்டை நம்பி இறங்கக் கூடாது.

‘புறம்போக்கு அரசு நிலம்தானே, எல்லோருக்கும் பொதுதானே?’ என்று கேட்பார்கள். பொதுவானதாலேயே அதற்கு ஒரு வேலை இருக்கிறது. ஆற்றின் மண்கரையைப் பாருங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டபோது, தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்கு அந்த மண்கரைதான் காப்பு. ஈரம் காயாத கரையின் மேல் கனத்த வண்டி ஏறினால் சக்கரம் ஒரு சாண் பள்ளம் பறிக்கும். அடுத்த மழையில் அதில் தண்ணீர் தேங்கும், ஊறும், ஓரத்துப் புல் வேரோடு சரியும். வெள்ளம் வரும்போது அந்த இடம்தான் முதலில் இளகிக் கொடுக்கும்.

‘கரும்பு டிராக்டர் போகவில்லையா?’ என்பது அடுத்த கேள்வி. இதில் நியாயம் உண்டு. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை 1840-களிலேயே வந்துவிட்டது. கரும்பு வண்டி போகாத வண்டிப்பாதை சுற்றுவட்டாரத்தில் அரிது. டிராக்டரும் பள்ளம் பறிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு வேறு வழியில்லை. பாதை கெட்டால் தன் கரும்பே வயலில் நிற்கும் என்பதால் விவசாயி அதை மண் கொட்டிச் சரிசெய்வார். பொழுதுபோக்குக்கு வருகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனவே அவர் தன் கட்டுப்பாட்டைத் தானே விதித்துக்கொள்ள வேண்டும்: மண் காய்ந்த பிறகே வருவது, அரவைக் காலத்தில் லோடு வண்டிக்கு ஒதுங்கி வழிவிடுவது, வரப்பில் ஏறாதிருப்பது.

இவற்றை வைத்துப் பார்த்தால் நாட்காட்டி தானே அமைந்துவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சிதம்பரம் பக்கத்துக் களிமண் டயரின் பள்ளங்களை அடைத்துவிட்டால் நான்கு சக்கரமும் சும்மா சுழலும். சம்பா அறுவடை முடிந்து நிலம் இறுகும் மாசி, பங்குனிதான் தோது. ஆனால் அதே மாதங்களில் பங்குனி ஆமைகள் கடற்கரையில் முட்டையிடுகின்றன. மணலுக்கு அடியில் இருக்கும் முட்டைக்குழி வெளியே தெரியாது. குஞ்சுகள் டயர்த் தடத்தில் விழுந்தால் ஏற முடியாமல் தவிக்கும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் ஆமை முட்டையிடும் இடங்களை மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கிறது. ஆகவே கடற்கரையைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். பிச்சாவரத்துக்குப் படகு போதும். வீராணம் ஏரிக்கரைக்குச் சாலையே இருக்கிறது.

‘இத்தனை தடை போட்டால் சாகசம் எங்கே?’ என்றால், சாகசத்தின் செலவைக் கரையோரத்து ஊர் ஏற்க முடியாது என்பதே பதில். தடைகள் மட்டும் போதாது என்பதும் உண்மை. அறுவடைக்குப் பின் சில வண்டிப்பாதைகளை மாவட்ட நிர்வாகமே குறித்துத் திறந்து, கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தை அதே பாதைகளின் பராமரிப்புக்குச் செலவிடலாம். திருட்டுத்தனமாகக் கரையில் ஏறுகிற வண்டிகள் அப்போது தாமாகவே குறையும்.