வாசலில் ஒரு கோரைச் சிலுவை

பிப்ரவரி முதல் தேதி அயர்லாந்தில் புனித பிரிஜித் திருநாள். கில்டேர் என்ற ஊரில் மடம் அமைத்த துறவி அவர்.

முதல் நாள் மாலையே குழந்தைகளுக்குக் குதூகலம்தான்! ஈர நிலத்துக் கோரையைக் கத்தியால் அறுக்கக் கூடாதாம். கையால்தான் பிடுங்க வேண்டும். அதை மடித்து மடித்து நாலு கைச் சிலுவை பின்னுவார்கள். வாசல் நிலைக்கு மேல் மாட்டினால் வீட்டைத் தீ அண்டாது என்று நம்பிக்கை. இரவில் வெளியே ஒரு துணியைப் போட்டு வைத்தால் பிரிஜித் ஆசீர்வதித்துப் போவாராம். அப்புறம் தலைவலி வந்தால் அந்தத் துணியே மருந்து!

2023-ல்தான் இத்திருநாளுக்காகப் பொது விடுமுறை பிறந்தது. பெண் ஒருவர் பெயரால் அந்நாட்டில் ஏற்பட்ட முதல் விடுமுறை. அதுவரை வழக்கத்தைக் காப்பாற்றியது யார்? பிஞ்சு விரல்களைப் பிடித்துக் கோரை மடிக்கக் கற்றுக் கொடுத்த தாய்மாரும் பாட்டிமாரும் அல்லவா!