‘காலி’ என்னும் சொல்

நமது ஊர் பத்தாங் காலி. உலு சிலாங்கூரில், ரவாங்குக்கும் கோல குபு பாருவுக்கும் இடையே இருக்கிறது. வெளியூர்த் தமிழர் எவரேனும் இப்பெயரை முதன்முறையாகக் கேட்டால், “ஊரே காலியா?” என்று கேட்டுச் சிரிப்பர். நாமும் உடன் சிரிப்போம். ஆயினும், ஒரே பெயரைக் கேட்டு ஒருவர் சிரிப்பதும், மற்றொருவர் கைகூப்புவதும் எதனால் என்று இளமை முதலே எண்ணி வந்திருக்கிறோம். அவ்வெண்ணத்தின் பயனை இன்று நேயர்கள் முன் வைக்கிறோம்.

நாம் பிறந்தது தோட்டத்து லயத்தில். நம் பாட்டியார் இவ்வூரை ஒருபோதும் பத்தாங் காலி என்று சொன்னதில்லை. ‘பத்தாங் காளி’ என்றே சொல்லுவார். ஒன்பது காளிகள் தமிழ்நாட்டிலேயே தங்கிவிட்டனராம். பத்தாமவள் மட்டும், பால் வெட்டப் போகும் தன் பிள்ளைகளுக்குத் துணையாகக் கப்பலேறி வந்து இவ்வாற்றங்கரையில் அமர்ந்தாளாம். “அந்த ஒன்பது பேரும் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள், ஆயா?” என்று ஒருநாள் கேட்டோம். “இப்படிக் கேட்கவா உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம், ஐயா?” என்று பாட்டியார் சினந்தார். கதை பொய்தான். ஆனால் அக்கதையின் தேவை மெய்யானது. கடல் கடந்து வந்தவர், தமக்கு விளங்காத பெயருள்ள மண்ணில், விளங்கும் பொருள் ஒன்றைத் தேடிக் கொண்டனர்.

நம் பள்ளித் தோழர் ஒருவரின் தந்தையார் மலாய்க்காரர். அவரிடம் கேட்டபோது விஷயம் தெளிவாயிற்று. மரத்தின் அடித்தண்டுக்கு மலாயில் பாத்தாங் என்று பெயர். பென்சில் போன்ற நீண்ட பொருள்களை எண்ணும்போதும், ஆற்றை எண்ணும்போதும் அச்சொல்லையே சேர்ப்பர். சுமத்திராவின் பாத்தாங் ஹாரியும், சரவாக்கின் பாத்தாங் ராஜாங்கும் பேராறுகள். காலி என்றால் தடவை. ‘துவா காலி’ என்றால் இருமுறை. வாய்ப்பாட்டில் பெருக்கலுக்கும் அதுவே சொல். ஜாவானியர் மொழியிலோ காலி என்பது ஆறு. இவற்றுள் எதிலும் வெறுமை இல்லை; காளியும் இல்லை. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஆறு மட்டும், எவர் என்ன சொன்னாலும் கேளாமல், சிலாங்கூர் ஆற்றிலே கலந்து, கோல சிலாங்கூரில் கடலைச் சேர்கிறது.

இரயில் நிலையத்துப் பலகையில் இச்சொல் உரோம எழுத்து நான்கில் அடங்கியிருக்கிறது. அந்நான்கு எழுத்துக்களைக் கண்ட தமிழர், கலியுகத்தின் கலி என்றும் படிக்கலாம். கேழ்வரகுக் களி என்றும், கோயிற் காளி என்றும் படிக்கலாம். நம் எழுத்தில் வெவ்வேறாக நிற்பவை அங்கே ஒன்றாகி விடுகின்றன. வெறுமையைக் குறிக்கும் நம் ‘காலி’யும் தமிழ் வேரில் முளைத்ததன்று. அரபுச் சொல் அது. பாரசீகமும் இந்துஸ்தானியும் கடந்து நம்மிடம் வந்தது. அரேபியாவின் பெரும்பாலைக்கு ரூபுல் காலி, அதாவது வெறுமையான கால்பகுதி, என்று பெயர். பழந்தமிழிலோ காலி என்றால் ஆநிரை. இலங்கையில் காலி ஒரு துறைமுக நகரம். கிழக்காப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் காலி என்றால் கடுமை. வீட்டு வாயிலில் ‘ம்புவா காலி’ என்று எழுதியிருந்தால், உள்ளே கடிநாய் உண்டு என்று அறிக.

இன்னொன்றும் உண்டு. செடியை எரித்த சாம்பலுக்குரிய வேறோர் அரபுச் சொல், ஜெர்மானியரிடம் சாம்பல் உப்பைக் குறிக்கும் ‘காலி’ ஆயிற்று. 1807-ல் ஹம்பிரி டேவி பிரித்தெடுத்த பொட்டாசியத்திற்குக் ‘கே’ என்னும் எழுத்து குறியாக அமைந்ததும் அதனாலேயே. தோட்டத்து உரமூட்டையின் மேல் அவ்வெழுத்தைக் காணலாம். ஆகவே நம் பெற்றோர் கித்தா மரத்தின் வேரில் ‘காலி’யை இட்டே பாலை வளர்த்தனர்.

இவற்றையெல்லாம் நண்பர்களிடம் பெருமையோடு சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. அப்பொழுதுதான் தோட்டம் கைமாறிற்று. ஒருநாள் மாலை கிராணியார் ஒரு தாளை லயத்து வாசலில் நின்று படித்தார். மூன்று மாதத்திற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். முப்பத்தொரு ஆண்டுகள் பால் வெட்டிய நம் தந்தையார் மெல்லக் கேட்டார்: “வீட்டில் நாங்கள் இருக்கிறோமே, கிராணியாரே, அது எப்படிக் காலியாகும்?” கிராணியார் விடை கூறவில்லை. அவர் குடியிருந்ததும் தோட்டத்து வீடே. நாம் கற்ற பொருள்களில் ஒன்றும் அன்று உதவவில்லை. ஒரு சொல்லுக்கு எப்பொருள் என்பதை அகராதி மட்டும் தீர்ப்பதில்லை, அதிகாரம் உள்ளவன் வாயும் தீர்க்கிறது என்று அன்று அறிந்தோம்.

பெயர் சூட்டுவது எத்துணைப் பெரிய செயல் என்பதை நம் ஊர் முன்பே அறிந்திருந்தது. 1948 டிசம்பர் 11, 12 தேதிகளில், இவ்வூரை அடுத்த ரப்பர்த் தோட்டத்தில், ஆயுதம் ஏதுமில்லாத சீனர் 24 பேரை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றனர். அவர்கள் வாழ்ந்த குடியிருப்பும் எரிந்தது. மாண்டவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘கொள்ளைக்காரர்’ என்பது. தப்பியோடும்போது சுடப்பட்டனர் என்று அரசு தரப்பில் கூறப்பட்டது. 1970-ல் அப்படையில் இருந்த சிலரே வேறு விதமாகச் சொன்னது வெளியாயிற்று. உறவினர் வழக்காடினர். பொது விசாரணை நடத்தும் சட்டக் கடமை அரசுக்கு இல்லை என்று 2015-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பெயரைச் சூட்ட ஒரு நாள் போதும். அதைத் துடைக்க அறுபது ஆண்டுகளும் போதவில்லை.

தோழர்களே, இதை அயலார் குற்றமாக மட்டும் எண்ணி நாம் அமைதி கொள்ளலாகாது. லயத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இன்று பட்டணத்துக் கடைவாசலில், வேலையின்றி நிற்கின்றனர். அவர்களைக் கடந்து செல்லும் நம்மவர், “காலிப் பயல்கள்” என்று முகம் சுளிக்கின்றனர். நாமும் ஒருமுறை சொன்னதுண்டு. சொன்ன அக்கணமே தந்தையாரின் கேள்வி நினைவுக்கு வந்தது, நாணினோம். வீட்டைக் காலி செய்வித்தவர் ஒருவர். அவ்வீட்டுப் பிள்ளையைக் காலி என்பவர் நாமோ?

மலாயில் இதே சொல் பெருக்கலைக் குறிக்கிறது என்றோம். அப்பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழிலும், அக்கம்பக்கத்தார் மொழியும் கற்பித்தால், ஒருவன் உழைப்பு ஒரு குடும்பத்தைப் பெருக்கும். பிறர் மொழியில் நம் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்பது நல்ல பழக்கம். நம் மொழியில் நாம் பிறரை என்ன சொல்லுகிறோம் என்று கேட்டுக்கொள்வது அதனினும் நல்ல பழக்கம்.